வேம்புவின் சாட்சியம்

தாராசுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும் வெளியூர்க்காரர்கள் இரண்டு ரகம். ஒன்று, கோயில் பார்க்க வந்தவர்கள். இன்னொன்று, சாமாவைத் தேடி வந்த கவிஞர்கள். முதல் ரகத்துக்கு வழி சொல்ல ஊரில் எத்தனையோ பேர் உண்டு. இரண்டாவது ரகத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மஜீது பாய் அச்சாபீஸ்ல போய்க் கேளுங்க" என்று கையைக் காட்டிவிடுவார்கள்.

சாமா பகலெல்லாம் கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். மற்ற நேரமெல்லாம் 'மடைவாய்' என்ற கவிதைப் பத்திரிகை. ஆசிரியர் அவர். உதவி ஆசிரியர் அவர். புரூஃப் பார்ப்பது, தபால்தலை ஒட்டுவது, மழையில் நனைந்த இதழ்க் கட்டைப் பிரித்து வெயிலில் காயவைப்பது, அதுவும் அவர்தான். அட்டையில் 'மாத இதழ்' என்று போட்டிருக்கும். அதை ரொம்பக் கறாராக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சிறு பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, வெளியே சொல்லமாட்டார்கள். இதழுக்குக் கவிதை போதாமல் போனால் ஆசிரியரே வேறு வேறு பேரில் எழுதி நிரப்பிவிடுவார். படிக்கிறவர்கள், அடடா, எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்று வாயைப் பிளப்பார்கள். சாமாவுக்கும் அப்படிச் சில பேர்கள் இருந்தன. தத்துவம் எழுத ஒன்று, காதலுக்கு ஒரு பெண் பேர், யாரையாவது திட்ட வேண்டியிருந்தால் அதற்கென்று ஒன்று. கடைசியாக வந்து சேர்ந்தவன் வேம்பு.

ஒரு ஐப்பசி மழையில் அச்சுக்கோத்துக்கொண்டே அப்துல் மஜீது, "சார், கடைசிப் பக்கம் பாதி காலியா கெடக்கு. பல்பொடி வெளம்பரம் ஒண்ணு இருக்கு, போட்டுடவா?" என்று கேட்டார். சாமாவுக்குச் சுருக்கென்றது. காகிதக் கட்டின் மேலேயே உட்கார்ந்து மளமளவென்று எழுதினார். அவருடைய வழக்கமான கவிதை மாதிரி அது இல்லை. அதனால் தன் பேரைப் போடத் தயக்கம். வாயில் வந்த பேரைப் போட்டார். வேம்பு பிறந்தது அப்படித்தான், பல்பொடிக்குப் போட்டியாக.

*முருகையன் களத்தில்*
*மலையாய் நெல்.*
*நெல்லின் மேல் சாம்பல் கோடு.*
*இழுத்த என் விரலில்*
*இன்னும் சூடு.*
*தொடாதே என்றது கோடு.*
*யாரைச் சொன்னது?*

அவ்வளவுதான். பிறகு வேம்பு இன்னும் சில எழுதினான். வந்தது வினை. மதராஸ் விமர்சகர் ஒருவர், 'மடைவாயில் காலில் சேறு ஒட்டிய ஒரே கவிஞன் வேம்பு. மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறார்கள்' என்று எழுதிவிட்டார். மற்றவர்கள் என்றால் யார்? சாமாதானே. சந்தோஷப்படுவதா, வயிறு எரிவதா என்று தெரியாமல் மனுஷர் ரெண்டு நாள் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. வேம்பு ஒரு விவசாயத் தொழிலாளி வீட்டுப் பையன் என்று எல்லோருமாக முடிவு கட்டினார்கள். சாமா மறுக்கவில்லை. மறுத்தால் வேம்பு செத்துப்போவான். மடைவாயில் இருந்த ஒரே நல்ல கவிஞனைக் கொல்ல ஆசிரியருக்கு மனசு வரவில்லை.

எழுபத்திரண்டாம் வருஷம் அது. குத்தகைக்கு உழுகிறவன் பேரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்து, தஞ்சாவூர் ஜில்லா முழுக்க அதே பேச்சாக இருந்தது. பேர் ஏறிவிட்டால் மிராசுதார் நினைத்தபோது வெளியே போ என்று சொல்ல முடியாது. அதனால் பல மிராசுதார்கள், 'குத்தகையா, யார் சொன்னது? அவன் என்னிடம் கூலிக்கு வேலை பார்க்கும் பண்ணையாள்' என்று மனுப் போட்டார்கள். தலைமுறையாக வாய்ப்பேச்சில் நடந்த குத்தகை. ரசீதா, சீட்டா, ஒன்றும் கிடையாது.

ஒரு சாயங்காலம் அச்சாபீஸ் வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் செல்லதுரை, விவசாயத் தொழிலாளர் சங்கத்துச் செயலாளர், தோளில் சிவப்புத் துண்டு. பின்னால் நின்றவரைச் சாமாவுக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

"சின்னவருங்களா?" என்றார் பின்னால் நின்றவர். "நான் நல்லமாங்குடி முருகையனுங்க."

நல்லமாங்குடி சாமாவின் சொந்த ஊர். அங்கே அண்ணா ராஜகோபாலன் இன்னும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். முருகையன் என்ற பேரைக் கவிதையில் எழுதியபோது அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்பது சாமாவுக்குத் தோன்றவே இல்லை. அந்த வரியில் பேர் கச்சிதமாக உட்கார்ந்தது, போட்டார். இப்போது அது நரைத்த மீசையோடு எதிரே நின்றது.

"வேம்புவ பாக்கணும் தோழர்," என்றார் செல்லதுரை. கையில் அந்தப் பழைய இதழ். "எங்க ஆள்தானே அவன். எந்த ஊரு?"

"அவர் வெளியூர் போயிருக்கார்," என்றார் சாமா. சொன்ன பிறகுதான் தான் சொன்னது காதில் விழுந்தது. உள்ளே மஜீது எழுத்துப் பெட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"வரட்டும். வர்ற புதன்கிழமை தாலுக்காபீஸ்ல இவரு கேஸு விசாரணை. உங்க அண்ணாச்சி, இவரு பண்ணையாள்னு எழுதிக் குடுத்திருக்காரு. தள்ளுபடி ஆனா அறுப்புக்கு முன்னாடியே இவரு வயல விட்டு எறங்கணும். இவரு பேச்சு ஒரு பக்கம், அண்ணாச்சி பேச்சு ஒரு பக்கம். நடுவுல சாட்சி சொல்ல ஊர்ல ஒருத்தனுக்கும் தைரியம் இல்ல. இத படிச்சப்பறந்தான் எங்களுக்கு உசிரு வந்துச்சு."

"கவிதை எப்படிங்க சாட்சி ஆகும்?"

செல்லதுரை பொறுமையாகச் சொன்னார். நிலத்தைக் குத்தகைக்கோ, விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கோ விட்டவர்கள், உழுதவன் களத்தில் நெல் குவிந்ததும் ஆளை அனுப்பி அம்பாரத்தின் மேல் சாம்பலால் குறி போடச் சொல்வார்கள். தங்கள் நெல்லை அளந்து வாங்கும் வரைக்கும் ஒரு நெல்மணி குறையக் கூடாது. குறி கலைந்தால் களவு.

"சொந்தப் பண்ணை நெல்லு சொந்தக் களத்துக்கு வரும். அதுக்கு எவன் குறி போடுவான்? முருகையன் களத்துல குறி போட்டாங்கன்னா முருகையன் குத்தகைக்காரரு. போட்ட கையி சாட்சி சொல்லணும். யாரோ கங்காணி இந்தப் பையன் கையில சாம்பலக் குடுத்துப் போடச் சொல்லியிருக்கான் பாருங்க."

அந்தக் கை சாமாவின் கை. அதை அவர் நன்றாக உணர்ந்தார். உள்ளங்கையில் வெதுவெதுப்பு, புது நெல்லின் சுணை கழுத்தில் அரித்தது, எல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனால் முருகையன் யார் என்பது மட்டும் ஞாபகத்தில் இல்லை. அந்த வீட்டில் பிறந்து, அந்த நெல்லைத் தின்று வளர்ந்து, வாசலில் நெல் அளந்தவன் குத்தகைக்காரனா கூலிக்காரனா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஆற்றில் தண்ணீர் வந்தால் அதைப் பற்றிக் கவிதை எழுதத் தெரியும். அது எந்த வாய்க்காலில் யார் வயலுக்குப் போகிறது என்று கேட்டால் விழிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனார். அண்ணாவிடமே கேட்டுவிடுவது என்று தீர்மானம். ராஜகோபாலன் ஊஞ்சலில் உட்கார்ந்து மனு நகலைப் படித்துக்கொண்டிருந்தார். அப்பா போன பிறகு சாமாவைப் படிக்கவைத்தது, கல்யாணம் பண்ணிவைத்தது, வருஷாவருஷம் வண்டியில் அரிசி அனுப்புவது எல்லாம் அவர்தான்.

"வாடா சாமா. நானே சொல்லியனுப்பணும்னு இருந்தேன். உன் பத்திரிகைல எவனோ வேம்புன்னு எழுதியிருக்கானாமே?"

"ஆமாண்ணா."

"நம்மூர்ல அப்படி ஒருத்தனும் கிடையாது. சுத்துப்பட்டுல எங்கயும் இல்ல. விசாரிச்சுட்டேன். புதன்கிழமை நீ வந்து, வேம்புன்னு ஆளே இல்ல, அது சும்மா வச்ச பேர்னு ஒரு வார்த்தை சொல்லிடு. அது நெஜந்தானே?"

சாமா தலையைச் சொறிந்தார். நிஜம்தான். இப்படி ஒரு நிஜத்தை அவர் பார்த்ததே இல்லை. வேம்பு இல்லை என்பது நிஜம், எழுதியவன் இருக்கிறான் என்பதும் நிஜம். முதலாவதை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால் பொய் சொன்னதாக யாரும் பிடிக்க முடியாது. முருகையன் மட்டும் வயலை விட்டு இறங்குவார்.

"அண்ணா, முருகையன் நமக்கு யாரு?"

ராஜகோபாலன் ஊஞ்சலை நிறுத்தினார். "யாருன்னா? பண்ணையாள்."

"எப்பவுமேவா?"

"இப்ப என்ன உனக்கு? நிலம் போச்சுன்னா அரிசி எங்கேர்ந்துடா வரும்? உன் பத்திரிகையா போடும்?" என்றார். அதற்குள் மன்னி காப்பி கொண்டுவந்து வைத்தாள். சாமா கேட்க நினைத்ததெல்லாம் காப்பியோடு உள்ளே போய்விட்டது. எழுந்து வரும்போது அண்ணா, "புதன்கிழமை பத்து மணிக்கு. சாப்பிட்டுட்டு வா, நாழியாகும்" என்றார்.

அண்ணா பொய் சொல்கிறாரா? அண்ணா பொய் சொல்லிச் சாமா பார்த்ததில்லை. அப்படியென்றால் முருகையன் பொய் சொல்கிறாரா? களத்தில் குறி போட்டது உள்ளங்கையில் இன்னும் சுடுகிறதே. ஒருவேளை அது வேறு யாருடைய களமோ? பேரைத்தான் வாய்க்கு வந்தபடி போட்டோமோ? பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து யோசித்ததில் தாராசுரம் தாண்டிக் கும்பகோணம் போய்ச் சேர்ந்துவிட்டார். திரும்பவும் நடந்து வந்தார்.

"பாய், நான் எழுதினதெல்லாம் நடந்ததா இல்லையான்னு எனக்கே தெரியலை," என்றார் மஜீதிடம்.

"நீங்கதானே சார் போன தலையங்கத்துல எழுதுனீங்க? கவிதைக்கு வெளிய போய் உண்மையத் தேடாதேன்னு. பெரிய எழுத்துல போடச் சொன்னீங்களே." மஜீது கையை மண்ணெண்ணெய்த் துணியில் துடைத்துக்கொண்டார். "அத அந்த முருகையன்கிட்ட எடுத்துச் சொல்லிப் பாருங்க."

சாமாவுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் புரூஃபில் இருந்த ஒரு நல்ல வரியை அடித்துப்போட்டார்.

புதன்கிழமை தாலுக்கா அலுவலகத்தில் நல்ல கூட்டம். குத்தகைப் பதிவு அதிகாரி நடுத்தர வயசுக்காரர், வேதாரண்யத்துப் பக்கம் என்று சொன்னார்கள். எதையும் இரண்டு தடவை கேட்பவர். மேஜையின் இந்தப் பக்கம் ராஜகோபாலன், வெள்ளை வேட்டி, நெற்றியில் கோபிசந்தனம். அந்தப் பக்கம் முருகையனும் செல்லதுரையும். மேஜை மேல் மடைவாய் இதழ், பல்பொடிக்குப் போட்டியாக வந்த பக்கம் திறந்து கிடந்தது. தன் பத்திரிகையை இவ்வளவு கவனமாக யாரும் படித்துச் சாமா பார்த்ததில்லை.

"நீங்கதான் ஆசிரியரா? இந்த வேம்பு யாருங்க?"

ராஜகோபாலன் தம்பியைப் பார்த்துத் தலையசைத்தார். செல்லதுரை வாசலைப் பார்த்தார், வேம்பு வந்துவிட மாட்டானா என்று. முருகையன் யாரையும் பார்க்கவில்லை. துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். அவர் கால் விரல்களில் சேறு காய்ந்திருந்தது. காலையில் வயலில் இறங்கிவிட்டுத்தான் வந்திருக்கிறார், நாளைக்கு அது தன் வயலா என்று தெரியாமலே.

"வேம்புன்னு யாரும் இல்ல சார்," என்றார் சாமா.

ராஜகோபாலன் மூச்சு விட்டது கேட்டது.

"நான்தான் எழுதினேன். வேம்புங்கறது என் புனைபேர்."

செல்லதுரையின் முகம் செத்துப்போனது. "நீங்களா?" என்றார் மெதுவாக. "எங்க பையன்னுல்ல நெனச்சோம். எங்க ஊரு கூட்டத்துல வாசிச்சோமே அய்யா." சாமாவால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வேம்பு அந்த இடத்தில், அந்த மேஜையடியில், ஒரு சத்தமும் இல்லாமல் போய்ச் சேர்ந்தான்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "சரிங்க. இதுல இருக்கறது நடந்ததா, கற்பனையா?"

"கவிதையில அப்படிப் பிரிச்சு..." என்று ஆரம்பித்த சாமா நிறுத்தினார். தன் குரலே தனக்கு அசிங்கமாகக் கேட்டது.

"நடந்ததா, கற்பனையா?" என்றார் அதிகாரி இரண்டாவது தடவை.

"நடந்தது சார். எனக்கு எட்டு வயசு இருக்கும். முருகையன் வீட்டுக் களத்துல நெல் குவிச்சிருந்தா. எங்காத்துலேர்ந்து சாம்பல் எடுத்துண்டு போய் நான்தான் குறி போட்டேன். அடுப்புச் சாம்பல், சூடு ஆறலை. விரல் சுட்டுது."

சொல்லச் சொல்ல அவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பல நாளாக இல்லாத தெளிவு. அம்பாரம், வைக்கோல் போர், முருகையனின் அம்மா ராமாயி ஓரமாக நின்று பார்த்தது, எல்லாம். சொல்லிவிட்டோம் என்று நெஞ்சு லேசானது. அண்ணாவை இழந்தாயிற்று. இருக்கட்டும், உண்மையைச் சொல்லியாயிற்று.

"பொய்," என்றார் ராஜகோபாலன்.

கோபத்தில் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "சார், இவன் சொல்றதுல ஒரு வார்த்தை நெஜம் இல்ல. எட்டு வயசுல இவன் டைபாய்டுல கிடந்தான். அறுப்பு பூரா படுத்த படுக்கை. களத்துப் பக்கமே வரல. எங்க வேணா விசாரிச்சுக்கோங்கோ. இவன் குறி போட்டானாம். அன்னிக்குக் குறி போட்டது நான். விரலச் சுட்டுண்டது நான்."

கண்ணாடியை மாட்டிக்கொண்ட அதிகாரி, "நீங்க போட்டீங்களா?" என்றார்.

"ஆமா, நான்தான். இவன் வாய்க்கு வந்தபடி..."

"யாரு களத்துலங்க?"

ராஜகோபாலனின் வாய் திறந்தபடி நின்றது. தம்பியைப் பொய்யனாக்கும் வேகத்தில் தான் எங்கே வந்து நிற்கிறோம் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. நாற்காலியைக் கையால் தேடி உட்கார்ந்தார்.

"அப்போ குத்தகையா இருந்திருக்கு," என்றார் அதிகாரி, எழுதிக்கொண்டே. "அப்பறம் எந்த வருஷம் நிலத்தத் திரும்ப எடுத்துப் பண்ணைல சேத்தீங்க? எடுத்ததுக்கு ஆதாரம் ஏதாவது உண்டா?"

ராஜகோபாலன் மனு நகலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அதிகாரி மறுபடியும் கேட்டார். ராஜகோபாலன் நகலை மடித்துக் கீழே வைத்தார். மத்தியானத்துக்கு முன்னால் முருகையன் பேரைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி உத்தரவாகிவிட்டது.

வெளியே புளியமரத்தடியில் செல்லதுரையின் ஆட்கள் முருகையனைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் விலக்கிக்கொண்டு சாமாவிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"சின்னவரு அன்னைக்கு வரலீங்க," என்றார் தாழ்ந்த குரலில். "பெரியவருதான் வந்தாரு. நீங்க வந்தேன்னு சொன்னப்ப எனக்கு பக்குனு ஆயிடுச்சு. நாலு புள்ளைங்க நெனப்பு வந்துச்சு. வாய மூடிக்கிட்டு நின்னுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

சாமா தன் விரலைப் பார்த்தார். சத்தியம் என்று நினைத்துத் தான் சொன்னது பொய். பொய்யை நிலைநாட்ட வந்த அண்ணா சொன்னது சத்தியம். நியாயம் என்னவோ நடந்துவிட்டது, ஆனால் அதில் தனக்கு என்ன பங்கு என்று பிடிபடவில்லை. அப்படியானால் விரலில் இருக்கும் இந்தச் சூடு யாருடையது? போகாத களத்தின் சுணை கழுத்தில் எப்படி அரிக்கும்?

ராஜகோபாலன் பஸ் ஸ்டாண்டில் தூணோரம் நின்றிருந்தார். காலையில் இருந்ததைவிட வயசாகித் தெரிந்தார். சாமா பக்கத்தில் போய் நின்றார். நல்லமாங்குடி வண்டி வந்து நின்று ஆட்கள் இறங்க ஆரம்பித்தார்கள்.

"அண்ணா, நான் நெஜமாவே போட்டதா நெனச்சேன். சத்தியமா."

"தெரியும்டா."

"எப்படிண்ணா எனக்கு ஞாபகம் இருக்கு?"

"நான்தான் சொன்னேன்." ராஜகோபாலன் அவரைப் பார்க்காமல் பேசினார். "அந்த அறுப்பு பூரா நீ கண்ணத் தொறக்காம கிடந்தே. பேசிண்டே இருங்கோ, இல்லேன்னா நினைவு தப்பிடும்னு வைத்தியர் சொல்லிட்டார். அப்பாவுக்கு அழுகைதான் வந்தது. நான் உக்காந்து, அன்னன்னிக்குப் பாத்ததெல்லாம் உனக்குச் சொல்லுவேன். சாம்பல் சுட்டது, நெல்லு அரிச்சது, ராமாயி நின்னது. உன் கைய எடுத்து என் கைல வச்சுண்டு சொல்லுவேன். நீ சிரிப்பே."

கவிதை என்று தான் எழுதியதில் இன்னும் எவ்வளவு இப்படி வந்தது? ஆற்றங்கரை, நாவல் மரம், அம்மாவின் குரல், அதெல்லாம் தான் பார்த்ததா, கேட்டதா? கேட்டுத் தெரிந்துகொள்ள இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அவர் வண்டிப் படியில் காலை வைத்துவிட்டார்.

"அண்ணா, இன்னும் என்னெல்லாம் சொன்னேள்?"

ராஜகோபாலன் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் சாமாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அரிசி வழக்கம்போல வரும். அதுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல," என்றார். "ஆனா இனிமே உன்கிட்ட நான் எதையும் சொல்லப்போறதில்ல, சாமா."

கண்டக்டர் விசில் ஊதினார். வண்டி புறப்பட்டுப் போயிற்று.